இதுவரை, இன்றுவரை, இந்நேரம்: ஆங்கிலத்தில் எதை எங்கே எழுதுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சிப்காட் ஆலைகளின் அலுவலகத்தில் இருப்பவர்கள், பாண்டி ஓட்டல்களில் வரவேற்பில் நிற்பவர்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எனப் பல தரப்பினர் வருகிறார்கள். வேலை வேறு வேறாக இருந்தாலும் அவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான். "இதுவரை" என்று மனதில் வந்தவுடன் கை தானாக "டில் நவ்" என்று எழுதிவிடுகிறது. அது பல இடங்களில் பொருந்துவதில்லை, சில இடங்களில் பொருளையே தலைகீழாக மாற்றிவிடுகிறது. இது தொடர்பாக என்னிடம் வந்த கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

"இதுவரை" என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் எது? எல்லா இடத்திலும் "டில் நவ்" என்று போட்டால் போதாதா?

போதாது. தமிழில் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். "இதுவரை மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன்." "இதுவரை பணம் வரவில்லை." "இதுவரை கடலூரில் இருந்தேன், இனி பாண்டியில் இருப்பேன்." மூன்றுக்கும் நாம் "இதுவரை" என்றே சொல்கிறோம். கேட்பவரும் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்துக்கு "சோ ஃபார்", இரண்டாவதற்கு "யெட்", மூன்றாவதற்கு "அன்டில் நவ்" வரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, இந்த நிமிடத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. கணக்கு இன்னும் ஏறலாம் என்றால் "சோ ஃபார்". நடக்க வேண்டியது நடக்கவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் "யெட்". இருந்த நிலை இப்போதோடு முடிந்து வேறாகிறது என்றால் "அன்டில் நவ்". எழுதும் முன் "இனிமேல் என்ன?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்களும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

நேர்காணலில் "ஐ ஒர்க்டு தேர் அன்டில் நவ்" என்று சொன்னேன். உடனே "ஏன் வேலையை விட்டீர்கள்?" என்று கேட்டார்கள். நான் விடவே இல்லையே!

உங்கள் வாக்கியம் விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறது. "அன்டில்" ஒரு நிலை எங்கே முடிகிறது என்று காட்டும் சொல். அதோடு இறந்தகால வினையும் சேர்ந்தால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது, முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்.

நம்ம ஊர் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது மனதில் நிற்கும். "புதுச்சேரி 2006 வரை பாண்டிச்சேரி என்ற பெயரில் இருந்தது" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் "அன்டில் 2006" வரும். ஏனென்றால் அந்த ஆண்டு பெயர் மாறிவிட்டது. "பிரெஞ்சு நிர்வாகம் 1954 வரை" என்பதற்கும் "அன்டில் 1954". அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நிறைவேறியது என்பதால், சட்ட நோக்கில் எழுதுபவர் "அன்டில் 1962" என்று எழுதுவார். எந்த ஆண்டைப் போட்டாலும் "அன்டில்" வந்துவிட்டால் அதற்குப் பிறகு நிலைமை வேறு என்று அர்த்தம்.

நீங்கள் இன்னும் அதே வேலையில் இருப்பதால் "ஐ ஹேவ் ஒர்க்டு தேர் சின்ஸ் 2019" அல்லது "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் தேர் சின்ஸ் 2019" என்று சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த ஆண்டையும், இன்றும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பதையும் அது ஒருசேரச் சொல்லிவிடும்.

"டில்" என்பது "அன்டில்" என்பதன் சுருக்கம்தானே? அலுவலகக் கடிதத்தில் "டில்" எழுதலாமா?

சுருக்கம் இல்லை. உண்மையில் "டில்" தான் மூத்தது. "அன்டில்" சில நூற்றாண்டுகள் கழித்து வந்த சொல். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எழுத்தில், குறிப்பாக வாக்கியத்தின் தொடக்கத்தில், "அன்டில்" சற்றுப் பொருத்தமாக இருக்கும். பேச்சில் "டில்" இயல்பாக வரும். கடிதத்தில் "டில்" எழுதினால் பிழை என்று யாரும் சொல்ல முடியாது.

எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். "டில்" என்பதன் முடிவில் இரண்டு எல், "அன்டில்" என்பதில் ஒரு எல் மட்டுமே. இரண்டு எல் போட்டு "அன்டில்" எழுதுவதுதான் நான் திருத்துகிற தாள்களில் அடிக்கடி கண்ணில் படுகிற பிழை.

பார்சல் வரவில்லை என்று மெயில் எழுத வேண்டும். "ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு தி பார்சல் டில் நவ்" சரியா?

இந்தியாவுக்குள் எழுதினால் புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினால் சிக்கல் வரலாம். எதிர்மறை வாக்கியத்தில் "அன்டில் நவ்", "டில் நவ்" வந்தால், இப்போது நடந்துவிட்டது என்ற பொருள் உள்ளே நுழைந்துவிடும். "ஐ நெவர் நியூ தட் அன்டில் நவ்" என்று ஒருவர் சொன்னால், "இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது, இப்போதுதான் தெரிந்தது" என்று அர்த்தம். அதே போக்கில் உங்கள் வாக்கியத்தைப் படிக்கும் ஆள், பார்சல் இப்போதுதான் கைக்கு வந்தது என்று நினைக்க இடம் உண்டு. புகாரே அடிபட்டுப் போகும்.

"ஐ ஹேவ் நாட் ரிசீவ்டு தி பார்சல் யெட்" என்று எழுதுங்கள். பல நாளாகக் காத்திருக்கிறீர்கள், பொறுமை போய்விட்டது என்றால் "ஐ ஸ்டில் ஹேவ் நாட் ரிசீவ்டு தி பார்சல்".

அப்படியானால் "யெட்" என்பதற்கும் "ஸ்டில்" என்பதற்கும் என்ன வேறுபாடு? தமிழில் இரண்டுக்கும் "இன்னும்" தானே?

ஆமாம், "இன்னும் வரவில்லை" என்பதில் இரண்டும் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் "யெட்" வெறும் தகவல். "வரவில்லை, வரும்" என்கிற தொனி. "ஸ்டில்" வந்தால் அதில் குறை சொல்லும் குரல் கலந்திருக்கும். "இன்னுமா வரவில்லை?" என்று நாம் இழுத்துச் சொல்கிறோமே, அந்தக் குரல். மேலதிகாரிக்கு எழுதும்போது இதை மறந்துவிடாதீர்கள். "யூ ஸ்டில் ஹேவ் நாட் சைன்டு தி ஃபைல்" என்பது அவர்மேல் குற்றம் சாட்டுவதாகத் தொனிக்கும்.

இடமும் மாறும். "யெட்" பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். "ஸ்டில்" எதிர்மறை வினைக்கு முன்னால் நிற்கும். "ஹேவ் ஸ்டில் நாட்" என்றும் எழுதுகிறார்கள், பிழையில்லை.

"ஸ்டில் நவ்" என்று ஒன்று நம் பக்கத்தில் நிறையப் புழங்குகிறது. "இப்பவும்" என்பதை அப்படியே எடுத்துவைத்தது. வெறும் "ஸ்டில்" போதும், அழுத்தம் வேண்டுமானால் "ஈவன் நவ்".

"சோ ஃபார்" எங்கெங்கே வரும்?

எண்ணிக்கை, அனுபவம், முன்னேற்றம் இவற்றைப் பேசும்போதெல்லாம் வரும். பழைய தென்னாற்காடு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-ல் அதிலிருந்து விழுப்புரம் பிரிந்தது, 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. "அந்தப் பழைய மாவட்டம் இதுவரை மூன்றாகியிருக்கிறது" என்பதை "சோ ஃபார்" போட்டு எழுதினால், நாளைக்கு நான்காகலாம், ஆகாமலும் போகலாம், கணக்கு மூடவில்லை என்ற பொருள் கிடைக்கும். "அன்டில் நவ்" போட்டால் இன்று ஏதோ மாற்றம் அறிவித்துவிட்டார்கள் என்று படிப்பவர் தேட ஆரம்பிப்பார்.

வினை பெரும்பாலும் பிரசன்ட் பெர்ஃபெக்ட், அதாவது "ஹேவ்", "ஹேஸ்" சேர்ந்த வடிவம். "ஹவ் மெனி பேஜஸ் ஹேவ் யூ டைப்டு சோ ஃபார்?" என்று கேட்பார்கள். எதிர்மறையிலும் தாராளமாக வரும். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுபவர்கள் "நோ ஆக்‌ஷன் வாஸ் டேக்கன் டில் நவ்" என்று எழுதுகிறார்கள். "நோ ஆக்‌ஷன் ஹேஸ் பீன் டேக்கன் சோ ஃபார்" என்றால் சரியாக இருக்கும், நடவடிக்கையை இனியும் எதிர்பார்க்கிறோம் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

ரெஸ்யூமேயில் "ஜூன் 2019 டு டில் டேட்" என்று எழுதியிருக்கிறேன். எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

எல்லோரும் எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். ஒருவருடைய ரெஸ்யூமேயைப் பார்த்து இன்னொருவர் தயாரிப்பதால் இந்த வரி கைமாறிக்கொண்டே போகிறது. ஆனால் இது மாற்றவேண்டிய வரி. அதை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். "டு" என்றால் வரை. "டில்" என்றாலும் வரை. இரண்டையும் சேர்த்தால் "ஜூன் 2019 முதல் இன்று வரை வரை" என்றாகிறது.

சரியாக எழுத எளிய வழி "ஜூன் 2019 டு பிரசன்ட்". நடுவில் "டு" வேண்டாம் என்றால் ஒரு சிறு கோடு போட்டு "ஜூன் 2019 – பிரசன்ட்" என்று எழுதலாம். உலகம் முழுக்கப் புரியும், இடமும் மிச்சம். "ஜூன் 2019 டு டேட்" என்பதும் சரியே. ஆனால் "பிரசன்ட்" என்பதே இப்போது அதிகம் பழக்கத்தில் இருக்கிறது.

அந்த வரியைத் திருத்தும்போதே பக்கத்தில் உள்ளவற்றையும் பாருங்கள். "ஐ ஆம் ஒர்க்கிங் ஃப்ரம் 2019" என்று கீழே ஒரு வாக்கியம் இருந்தால் அதையும் "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் சின்ஸ் 2019" என்று மாற்ற வேண்டும். "டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ் ஃபைவ் இயர்ஸ் டில் டேட்" என்று தலைப்பில் இருந்தால் "டில் டேட்" இரண்டு சொல்லையும் அடித்துவிடுங்கள். அனுபவம் என்றாலே இன்றுவரையிலான அனுபவம்தான், வேறு எதுவரை இருக்க முடியும்? அப்புறம், முந்தைய வேலைகளின் எதிரிலும் பழைய "டில் டேட்" ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். புது வேலையில் சேர்ந்து ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்ப்பவர்கள் பழைய வரியை மூட மறந்துவிடுகிறார்கள். விளைவு, ஒரே ஆள் இரண்டு கம்பெனிகளில் ஒரே சமயத்தில் இருப்பதாகக் காகிதம் சொல்லும். ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பதே இந்தத் தேதிகளைத்தான். முடிந்த வேலைக்கு முடிந்த மாதத்தைப் போட்டு மூடுங்கள், நடக்கிற வேலைக்கு மட்டும் "பிரசன்ட்".

"டில் டேட்" என்பதே தவறான ஆங்கிலமா?

இந்தியாவில் நாளிதழ்களிலும் அரசுக் கடிதங்களிலும் நிலைத்துவிட்ட வழக்கு அது. இங்கே எழுதி இங்கே படிக்கிறவரை யாருக்கும் குழப்பம் வராது. அதை எழுதியவரை ஆங்கிலம் தெரியாதவர் என்று தள்ளுவது எனக்கு ஏற்பில்லை. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் "டு டேட்" என்றுதான் எழுதுவார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதம், பல்கலைக்கழக விண்ணப்பம், ஏற்றுமதி தொடர்பான மெயில் இவற்றில் "டு டேட்" என்றே எழுதுங்கள்.

"டு டேட்" சற்று முறையான சொல். "வி ஹேவ் ரிசீவ்டு ஃபார்ட்டி அப்ளிகேஷன்ஸ் டு டேட்" என்று அறிக்கையில் எழுதலாம். வீட்டில் பேசும்போது யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே "சோ ஃபார்" தான். "அப் டு டேட்" என்பது முழுக்க வேறு. கணக்குப் புத்தகம் இன்றைய தேதி வரை எழுதி முடித்துச் சரியாக இருக்கிறது, தகவல் பழசாகவில்லை என்று சொல்லத்தான் அது.

"ஆஸ் ஆஃப் நவ்" என்பதையும் "இதுவரை" என்று எடுத்துக்கொள்ளலாமா?

"இப்போதைக்கு" என்று எடுத்துக்கொள்ளுங்கள். "ஆஸ் ஆஃப் நவ், தி ஆபீஸ் இஸ் குளோஸ்டு" என்றால், இப்போதைய நிலவரப்படி அலுவலகம் மூடியிருக்கிறது, பிறகு மாறலாம். நேற்றிலிருந்து இன்றுவரை ஓடிவந்த காலத்தை அது காட்டாது. புயல் காலத்தில் பள்ளி விடுமுறை பற்றி வரும் செய்திகளில் இது சரியாகப் பொருந்தும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. வருகிற தேதியோடு "ஆஸ் ஆஃப்" வந்தால் "அன்று முதல்" என்று பொருள். "ஆஸ் ஆஃப் ஜூன் 1, தி ரென்ட் வில் பி ஹையர்" என்றால் ஜூன் 1 முதல் வாடகை கூடும். அதை "ஜூன் 1 வரை" என்று படித்துவிட்டால் காசு விஷயத்தில் தகராறு வரும். வாடகை ஒப்பந்தம், சம்பள ஆணை இவற்றைப் படிக்கும்போது இந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் நின்று நிதானித்துப் படியுங்கள். நம் வங்கிகள் "ஆஸ் ஆன் 31 மார்ச்" என்று எழுதுவது அந்தத் தேதியின் நிலவரத்தைக் காட்டும் இந்திய வழக்கு, அதில் குழப்பம் இல்லை.

"சின்ஸ்", "ஃபார்", "ஃப்ரம்" மூன்றும் எப்போதும் குழம்புகிறது. வங்கித் தேர்வில் பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் இதுவே வருகிறது. எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

குழப்பத்தின் வேர் தமிழில் இருக்கிறது, அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் "ரெண்டு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்" என்கிறோம். வினை நிகழ்காலம். அதை அப்படியே கொண்டுபோனால் "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் டூ இயர்ஸ்" என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றும் நடப்பதைச் சொல்ல வெறும் நிகழ்காலம் போதாது, "ஹேவ்" அல்லது "ஹேஸ்" வேண்டும். முதலில் வினையைச் சரிசெய்யுங்கள். அப்புறம் இடைச்சொல்லைப் பாருங்கள்.

எப்போது தொடங்கியது என்று சொன்னால் "சின்ஸ்". எவ்வளவு காலமாக என்று சொன்னால் "ஃபார்". "சோ ஃபார்" என்பதில் வருவது தூரத்தைக் குறிக்கும் சொல், இது வேறு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. அது இன்றும் நடப்பதால் "சின்ஸ் 1956". எத்தனை ஆண்டாக என்று சொல்வதானால் "ஃபார் மோர் தேன் சிக்ஸ்டி இயர்ஸ்". ஒரு புள்ளிக்குச் "சின்ஸ்", ஒரு நீளத்துக்கு "ஃபார்". "கடந்த இரண்டு ஆண்டுகளாக" என்பதற்கு "ஃபார் தி பாஸ்ட் டூ இயர்ஸ்". இதில் "சின்ஸ்" போட்ட வாக்கியம் தேர்வில் வந்தால் அங்கேதான் பிழை என்று குறித்துவிடுங்கள். "ரொம்ப நாளாக" என்பதற்கு "சின்ஸ் லாங்" என்று எழுதுவதும் அதே பிழை. "ஃபார் எ லாங் டைம்" என்று இருக்க வேண்டும்.

"சின்ஸ்" என்பதற்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி வந்தால் அந்த வினை இறந்தகாலத்தில் இருக்கும். "சின்ஸ் ஐ ஜாயின்டு", "சின்ஸ் தி சைக்ளோன் ஹிட்".

"ஃப்ரம்" என்பதற்குப் பெரும்பாலும் முடிவும் வேண்டும். கடலூருக்கே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்களின் தலைமையிடம் கடலூரின் புனித டேவிட் கோட்டைக்கு வந்தது. 1752 வரை அங்கேயே இருந்தது. இதற்கு "ஃப்ரம் 1746 டு 1752". தொடக்கம், முடிவு இரண்டும் தெரியும், கதை முடிந்துவிட்டது, வினை வெறும் இறந்தகாலம். "சின்ஸ்" இங்கே வரவே வராது.

"ஐ டிட் நாட் ஈட் டில் நவ்" என்று சொல்லக்கூடாதா?

"ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்" என்பதே சரி. இன்றுவரை நீளும் காலத்தைப் பேசும்போது "டிட்" வேண்டாம். அமெரிக்கர்கள் பேச்சில் "டிட் யூ ஈட் யெட்?" என்று கேட்பது உண்டு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

மறுபக்கமும் பிழை வரும். நாள் குறிப்பிட்டுவிட்டால் "ஹேவ்" வரக்கூடாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. இதை எழுதும்போது "கிராஸ்டு" மட்டும்தான், "ஹேஸ் கிராஸ்டு" கிடையாது. தேதியைச் சொன்னவுடன் அது அந்த நாளோடு முடிந்த செய்தியாகிவிடுகிறது.

"அவர் வராதவரை நான் கிளம்பமாட்டேன்" என்பதற்கு "அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதலாமா?

கூடாது. தமிழில் "வரும்வரை" என்றும் "வராதவரை" என்றும் இரண்டு விதமாகச் சொல்ல முடிகிறது. ஆங்கிலத்தில் "அன்டில்" என்பதற்குப் பின்னால் நடக்கப்போகிற செயல்தான் வரும். "ஐ வில் நாட் லீவ் அன்டில் ஹி கம்ஸ்." எதிர்மறை முன்பகுதியிலேயே முடிந்துவிட்டது. பின்பகுதியில் "நாட்" போட்டால் எதிர்மறை இரட்டித்துவிடும். "அன்டில் ஹி வில் கம்" என்றும் எழுத வேண்டாம், எதிர்காலத்தைச் சொன்னாலும் "அன்டில்" என்பதற்குப் பின்னால் நிகழ்கால வினைதான்.

கடைசித் தேதி சொல்லும்போது "அன்டில்" வருமா "பை" வருமா?

இங்கே தமிழே கைகொடுக்கிறது. "வரை" என்று சொல்லும் இடத்தில் "அன்டில்", "க்குள்" என்று சொல்லும் இடத்தில் "பை". "கவுன்டர் 5 மணிவரை திறந்திருக்கும்" என்பதற்கு "ஓப்பன் அன்டில் ஃபைவ்". "5 மணிக்குள் பணம் கட்டிவிடுங்கள்" என்பதற்கு "பே பை ஃபைவ்". "சப்மிட் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமைவரை நிறுத்தாமல் சமர்ப்பித்துக்கொண்டே இருங்கள் என்றாகிவிடும்.

"பை நவ்" என்பதும் இந்தக் குடும்பம்தான். அதற்குத் தமிழில் "இந்நேரம்" என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. "பாண்டியிலிருந்து கிளம்பிய பஸ் இந்நேரம் மரக்காணம் தாண்டியிருக்கும்" என்பதை "தி பஸ் மஸ்ட் ஹேவ் கிராஸ்டு மரக்காணம் பை நவ்" என்று சொல்லலாம்.

"அப் டு நவ்", "அப்டில் நவ்", "ஹிதர்டு", "தஸ் ஃபார்" எல்லாம் என்ன?

"அப் டு நவ்" நல்ல ஆங்கிலம். நிலை இன்னும் தொடர்ந்தாலும் இப்போதோடு முடிந்தாலும் பொருந்தும், அதனால் சந்தேகமாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். "அப்", "டு" இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது இங்கே பரவலாக இருக்கிறது, பிரித்தே எழுதுங்கள். "அப்டில்" என்று ஒரு சொல் ஏற்கப்பட்ட ஆங்கிலத்தில் இல்லை. "அப் அன்டில் நவ்" உண்டு. "தஸ் ஃபார்" என்பது "சோ ஃபார்" தான், கொஞ்சம் மேடைக்குரல். "ஹிதர்டு" தீர்ப்புகளிலும் பழைய ஆவணங்களிலும் வரும். படித்தால் புரிந்தால் போதும். விடுப்புக் கடிதத்தில் வேண்டாம்.

நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது "அதுவரை" என்பதற்கு?

"அன்டில் தென்". பின்னால் வரும் வினை பல நேரம் "ஹேட்" சேர்ந்து வரும். மேலே சொன்ன கோட்டைக் கதையையே எடுத்துக்கொண்டால், 1746 வரை தலைமையிடம் சென்னையில் இருந்தது என்பதற்கு "அன்டில் தென், இட் ஹேட் பீன் இன் மெட்ராஸ்". பழைய கதைக்குள் "அன்டில் நவ்" போட்டால் கேட்பவர் இன்றைய தேதிக்குத் தாவிவிடுவார்.

பாண்டியில் கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பில் வேலை. விருந்தினரிடம் "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது நேற்று வந்தேன் என்ற பதில், அவர் சொன்னது அடுத்த ஞாயிறு கிளம்புகிறேன் என்று. எங்கே தவறு?

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, அது வேறு கேள்வி, அவ்வளவுதான். "ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?" என்றால் மொத்தம் எத்தனை நாள் தங்குகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது. "வந்து எத்தனை நாளாகிறது?" என்று கேட்க "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி முன்னால் பார்க்கிறது, இரண்டாவது இதுவரை நடந்ததைப் பார்க்கிறது. அறை எப்போது காலியாகும் என்று தெரிய வேண்டுமானால் முதல் கேள்விதான் உங்களுக்குத் தேவை.

வெள்ளை நகரப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரான்சிலிருந்து வருபவர்கள் பலர் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் மன்டே" என்பார்கள். பிரெஞ்சிலும் நம்மைப்போல இந்த இடத்தில் நிகழ்கால வினைதான் வரும், அதை அவர்கள் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வெளிநாட்டுக்காரர் சொன்னதால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னதைத் திருத்தவும் வேண்டாம். "ஸோ யூ ஹேவ் பீன் ஹியர் சின்ஸ் மன்டே. ஹவ் டூ யூ லைக் இட் சோ ஃபார்?" என்று சரியான வடிவத்தில் பேச்சைத் தொடருங்கள். "இதுவரை எப்படி இருக்கிறது?" என்று நாம் கேட்பதுபோலத்தான், தங்கல் இன்னும் மிச்சமிருக்கும் விருந்தினரிடம் கேட்க இதுவே பொருத்தமான கேள்வி. அறையைக் காலி செய்து பெட்டியோடு நிற்பவரிடம் "சோ ஃபார்" வேண்டாம். அவரிடம் "ஹவ் வாஸ் யுவர் ஸ்டே?" என்று கேளுங்கள்.